மதுவுக்கும் ஒரு ரேஷன் கார்டு!

அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கார்டு உண்டு, நமக்குத் தெரியும். மதுவுக்கு ரேஷன் கார்டு கேள்விப்பட்டதுண்டா? ஸ்வீடன் தேசத்தில் சுமார் நாற்பது வருஷ காலம் அது அமுலில் இருந்தது!

இவான் பிராட் என்ற டாக்டரின் யோசனை அது. அடியோடு ஒழிப்பதைவிட அளந்து கொடுப்பதே மேல் என்பது அவர் கட்சி. 1914-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆரம்பித்த ஏற்பாடு பிறகு நாடெங்கும் பரவியது. காட்டமான மது வேண்டுமா? கணக்குப் புத்தகம் ஒன்று பெற வேண்டும். வருமானம் என்ன, நடத்தை எப்படி என்றெல்லாம் விசாரணை நடக்கும். வாங்கும்போதெல்லாம் புத்தகத்தில் பதிவு உண்டு. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் புத்தகமே பறிபோகும்!

இதில் ஒரு வேடிக்கை. கல்யாணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகமே கிடையாது. வீட்டுக்கு ஒன்று, அதுவும் கணவர் பெயரில்! குடியினால் வரும் கஷ்டம் மட்டும் இருவருக்கும் பொது. 1922-ல் பூரண மதுவிலக்குப் பற்றி ஜனங்களிடம் வோட்டு எடுத்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் 'வேண்டும்' என்றார்கள். ஆண்களில் பெரும்பாலோர் 'வேண்டாம்' என்றார்கள். மயிரிழையில் மதுவிலக்குத் தோற்றது.

புத்தகத்திலும் ஓட்டை இருந்தது. அதிகம் குடிக்காதவர்கள்கூட, கிடைக்கிற பங்கை விடுவானேன் என்று வாங்கினார்கள். புத்தகத்தை இழந்தவர்கள் பிறர் தயவை நாடினார்கள்.

1955 அக்டோபர் 1-ந் தேதி அந்த ரேஷன் ரத்தாயிற்று. உடனே தெருவில் குடிவெறியும் கைதுகளும் அதிகரித்தன. 1956-ல் சர்க்கார் வரியை உயர்த்த வேண்டியதாயிற்று. குறைகள் எத்தனை இருந்தாலும், அந்தச் சிறு புத்தகம் பல பேர் கையைப் பிடித்து நிறுத்தித்தான் இருந்தது. அதன் அருமையை யார் முதலில் உணர்ந்திருப்பார்கள்? அதைப் பெறும் உரிமையே இல்லாத மனைவிமார்கள்தான்!