புண்பட்ட மனமும் தூண்டப்பட்ட வன்முறையும்: சட்டம் எதைத் தடுக்க வேண்டும்?

டென்மார்க்கின் ஜில்லண்ட்ஸ் போஸ்டன் பத்திரிகை 2005 செப்டெம்பர் 30 ஆம் திகதி நபி (ஸல்) அவர்களைப் பொருளாகக் கொண்டு 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. பத்திரிகைச் சுதந்திரத்தின் எல்லை எது என்ற கேள்வி அன்று முதல் ஓயவில்லை. திருகோணமலையில் நான் கற்பிக்கும் மாணவர்களும் அதைக் கேட்கிறார்கள். "மதத்தை அவமதிப்பவரைச் சிறையில் போட ஒரு சட்டம் வேண்டும், சேர்" என்பதே அவர்களில் பலரின் தீர்வு.

அந்தச் சித்திரங்கள் எம்மைப் புண்படுத்தின என்பதில் மறுபேச்சில்லை. ஆனால் அத்தகைய சட்டம் எமது நாட்டில் யார் மீது பாய்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிணை வழங்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும், அதுவும் விதிவிலக்கான சந்தர்ப்பங்களில். ஆகவே வழக்கு முடியும் முன்பே கைது தண்டனையாகிவிடுகிறது.

2014 ஜூனில் அளுத்கமையில் மேடைப் பேச்சைத் தொடர்ந்து எமது வீடுகளும் கடைகளும் எரிந்தபோது இச்சட்டம் தூங்கியது. 2019 இல் விழித்தது. பிக்குகளைப் பற்றிய சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். அதே ஆண்டு மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். எமது துறைமுகத்துப் பிள்ளைகள் பார்த்ததும் சொல்லிவிடக்கூடிய கப்பல் சுக்கான் சக்கரம் அவரது ஆடையில் இருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்றார்கள். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் கைதானார். பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்தியல் ஜிஹாத் செய்யுங்கள் என்று முகநூலில் எழுதியவர் அவர். ஐந்து மாதங்களுக்குப் பின்னரே பிணை கிடைத்தது.

சட்டத்தின் வாசகம் தூண்டுதலைப் பற்றியது. பொலிஸார் அதை மனம் புண்படுவதாக வாசித்தார்கள். இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். தாக்கப்படுவது ஒரு நம்பிக்கையா, அதைப் பின்பற்றும் மக்களா? அவர்களுக்குத் தீங்கு செய்யச் சொல்லப்படுகிறதா? அத்தீங்கு உண்மையில் நிகழக்கூடிய சூழல் இருக்கிறதா? அளுத்கமைப் பேச்சு இவற்றில் சிக்கும். சிறுகதையும் ஆடையும் சிக்கா.

கேலிச்சித்திரத்துக்கு அப்போது என்ன பதில்? இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் சபையில், பேச்சு மாறும்வரை அமர வேண்டாம் என்கிறது சூரா அந்நிஸாவின் 140 ஆம் வசனம். எழுந்து செல்லலாம், மறுப்பு எழுதலாம், பத்திரிகையை வாங்காமல் விடலாம், பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம். 2015 ஜனவரியில் சார்லி ஹெப்டோவைத் தாக்கியவர்கள் கொன்ற 12 பேரில் அஹ்மத் மெராபெத் என்ற முஸ்லிம் பொலிஸ் உத்தியோகத்தரும் ஒருவர்.

புண்பட்ட மனதைக் காக்கும் சட்டம் வேண்டுமெனக் கேட்டால், யார் மனம் புண்பட்டது என்பதை அதிகாரத்தில் இருப்பவரே தீர்மானிப்பார். சிறுபான்மையினரான நாம் கேட்க வேண்டியது வன்முறையைத் தூண்டுபவரைத் தண்டிக்கும் சட்டத்தை, அதையும் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில்.