இருவர் கூற்றும் ஓர் உண்மையும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வானில் கடும்போர் நிகழ்ந்தது. பிரிட்டிஷ் படையினர் ஸ்பிட்பயர் என்னும் விமானத்திலும், ஜெர்மானியர் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்னும் விமானத்திலும் சென்று பொருதனர். இவ்விமானங்களின் துப்பாக்கிகள் முன்னோக்கியே சுடும். ஆதலின், வளைந்து திரும்பிப் பகைவனின் பின்புறத்தை அடைபவனே வெற்றி பெறுவான். எந்த விமானம் சிறிய வட்டத்தில் திரும்பும் என்பது விமானிகளுக்கு உயிரைப் பற்றிய வினாவாக இருந்தது.

இவ்வினாவிற்கு அவர்கள் கூறிய விடைகள் ஒத்திருக்கவில்லை. ஸ்பிட்பயரே குறுகத் திரும்பும் என்றனர் பிரிட்டிஷ் விமானிகள் பலர். ஸ்பிட்பயரைத் தாங்கள் வளைவிலேயே வென்றதாகக் கூறினர் ஜெர்மானியர் சிலர். இரு திறத்தாரும் கண்டதையே கூறினர். அவற்றுள் எதனை ஏற்பது?

முதலில், விமானம் திரும்பும் முறையை அறிதல் வேண்டும். திரும்பும்போது விமானம் ஒருபுறமாகச் சாய்கிறது. அதனை உயரத் தாங்கிய இறக்கைகளின் விசையே, அப்போது அதனை வட்டத்தின் நடுவை நோக்கியும் இழுக்கிறது. வட்டம் குறுகக் குறுக, இறக்கைகளின் சுமை மிகும். எல்லை கடந்தால் அவை தாங்கும் ஆற்றலை இழக்கும், விமானம் நிலைகுலையும். எனவே, இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் சுமக்கும் எடை குறைவாக இருத்தல் நன்று. அவ்வெடை ஸ்பிட்பயரில் ஏறத்தாழ 25 இராத்தல். மெஸ்ஸர்ஷ்மிட்டில் ஏறத்தாழ 32 இராத்தல்.

கைப்பற்றப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்றை, 1940இல் பார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்தனர். 12,000 அடி உயரத்தில், உயரம் குறையாமல் திரும்பக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம், ஸ்பிட்பயருக்கு 696 அடி என்றும், மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு 885 அடி என்றும் கணக்கிட்டனர். திரும்புவதில் ஸ்பிட்பயரே சிறந்தது என்பது இதனால் தெளிவாகும்.

அங்ஙனமாயின் ஜெர்மானியர் பொய்யுரைத்தனரா? அன்று. அந்நிலையத்தார் இரு விமானங்களையும் போலிப் போரில் ஈடுபடுத்தியும் பார்த்தனர். துணிவுடன் இறுக வளைத்த விமானிகள் எளிதில் மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு உட்புறமாகத் திரும்பினர். ஆனால், பலமுறை அது ஸ்பிட்பயரை விடாது பின்தொடர்ந்தது. காரணம் யாது? விமானம் நிலைகுலையும் என அஞ்சி, ஸ்பிட்பயரைச் செலுத்தியோர் அதனைப் போதிய அளவு வளைக்கவில்லை. பொறியின் எல்லை வேறு. அதனைச் செலுத்துவோன் துணியும் எல்லை வேறு. போர்க்களத்தில் மோதியவை இவ்விரண்டாம் எல்லைகளே.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அப்போரில் தோற்றவருள் பலர் தம் கதையைக் கூற மீளவில்லை. மீண்டவர் தம் வெற்றியைக் கூறினர். ஆகவே, ஒரு விமானியின் கூற்றைக் கேட்போர், அவர் எவ்வுயரத்தில், எவ்வளவு விரைவில் பறந்தார், எதிரி எத்துணைத் தேர்ச்சி உடையவன் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அளவைகள் விமானத்தின் ஆற்றலை உரைக்கும். சாட்சிகள் அன்று நிகழ்ந்ததை உரைப்பர். ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குரியதாகக் கொள்ளாதிருப்பின், நேர்மையான இருவருள் ஒருவரைப் பொய்யர் எனத் தூற்றும் பிழை நேராது.