மடக்குத் தடியும் சிலம்பக் கம்பும்

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இரவு ஷிப்ட் முடித்து, பாடாங் செராய்க்கோ லூனாசுக்கோ மோட்டாரில் திரும்புகிறவர்களுக்கு வழிப்பறிப் பயம் புதிதல்ல. அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சிலர் தேடுவது மடக்குத் தடி. மடக்கினால் கைக்குள் அடங்கும். உதறினால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூன்று குழாய்கள் நீண்டு நிற்கும். 21 அங்குலத் தடி என்றால் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். தடியை உருவியாயிற்று; அடுத்து என்ன? அடியா, பிடியா?

அடி சுலபமாகத் தெரியும். ஆனால் காவலர்களுக்கான தடிப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதே எங்கே அடிக்கக் கூடாது என்பதைத்தான். தொடை, கெண்டைக்கால், மேற்கை போன்ற சதைப் பகுதிகள் சரி. தலை, கழுத்து, முதுகெலும்பு கூடாது, உயிரே போகலாம். இருட்டில், கை நடுங்க வீசுகிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் நிற்குமா? தொடைக்கு ஓங்கியது, எதிராளி குனிந்தால் மண்டையில் விழும்.

பிடி என்பது தடியை நெம்புகோலாக்கி, எதிராளியின் கையை மடக்கி அடக்குவது. காயம் குறைவு. ஆனால் அதற்கு அவனை ஒட்டி நிற்க வேண்டும், இரண்டு கையும் வேண்டும். அவன் கையில் கத்தி இருந்தாலோ, கூட இன்னொருவன் இருந்தாலோ பிடித்தவர்தான் மாட்டிக்கொள்வார். உராய்வில் பூட்டிக்கொள்ளும் வகைத் தடியால் நேராகக் குத்தினால் அது மடங்கிவிடவும் கூடும். தடியைக் கழுத்தில் வைத்து அழுத்துவதோ அடியைவிட ஆபத்து.

தொழிலாகப் பழகியவர்களுக்கே இந்த அடி-பிடிக் கணக்கு வசப்படவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் கழுத்துப்பிடிக்கு 1982-இல் கடும் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் தடியை நம்புவது கூடியது. 1991 மார்ச் 3 நள்ளிரவுக்குப் பின் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் மீது அந்தப் போலீஸார் இறக்கிய தடியடிகளை வீடியோவில் உலகமே பார்த்தது. அடக்கும் வழி குறைந்த இடத்தில் அடி பெருகியது.

மலேசியச் சட்டம் இதில் கறார். தற்காப்பு உரிமையைத் தரும் தண்டனைச் சட்டமே, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 99-ஆம் பிரிவில் வரம்பு கட்டுகிறது. விழுந்தவனை மறுபடி அடித்தால் வழக்கு நம் பக்கம் திரும்பும். அடிப்பதற்கு முன்பே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபத்தான ஆயுதங்கள் குறித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. ரோட்டுத் தடுப்புச் சோதனையில் ‘பாதுகாப்புக்குத்தான் சார்’ என்று சொல்லித் தப்பிவிடலாம் என நம்புவது வீண்.

மடக்குத் தடிக்கு மாற்று நம்மிடமே உண்டு. கூலிம் அடங்கிய கெடாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்த தமிழர்கள் வேறொரு தடி வித்தையைக் கூடவே கொண்டுவந்தார்கள். லயத்து முற்றத்திலும் கோயில் திருவிழாவிலும் சுழன்ற சிலம்பம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான் குடியிருப்புகளுக்குக் குடியேறியபின் பள்ளித் திடல்களுக்கும் மண்டபங்களுக்கும் வந்தது. அதில் அடிக்கு முந்திய பாடம் காலடி. நெற்றி உயரக் கம்பு சுழலும் வட்டத்துக்குள் எதிராளி நுழையாதபடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். போட்டியிலும் எலும்பை முறித்தவருக்கு அல்ல, தொட்டவருக்குத்தான் புள்ளி.

அந்தக் கம்பை மோட்டாரில் கட்டிக்கொண்டு போக முடியாதுதான். ஆனால் இடைவெளியை அளக்கும் கண்ணும், பக்கவாட்டில் விலகும் காலும் கம்பு இல்லாமலும் கூட வரும். அடிக்கும் பிடிக்கும் முந்தியது விலகல். கைப்பையைக் கேட்டால் விட்டெறிந்துவிட்டு, வெளிச்சமுள்ள எண்ணெய் நிலையத்துக்குப் போய் 999-ஐ அழைப்பதும் தற்காப்புதான். மடக்குத் தடிக்குக் கொடுக்கும் காசைச் சிலம்ப வகுப்புக்குக் கட்டலாம். அங்கே கற்றதைச் சோதனையில் யாரும் பறிமுதல் செய்ய முடியாது.