கைவிடப்பட்ட உயிர்களுக்கு ஒரு காப்பகம்

நுழையும்முன்

தெருவோரத்தில் பசியோடு நிற்கும் நாயைக் கண்டு இரங்குவது எளிது. அவ்விரக்கத்தை நாள்தோறும் ஆற்றும் கடமையாக மாற்றுவது அரிது. வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட விலங்குகளையும் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகளையும் பேணும் காப்பகம் எவ்வாறு இயங்குகிறது, எதனால் தழைக்கிறது, எதனால் தளர்கிறது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தாயால் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைக்குப் பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து காத்தது என்கிறது மணிமேகலைக் காப்பியம். ஆபுத்திரன் என்று பெயர்பெற்ற அக்குழந்தை வளர்ந்தபின், வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை மீட்டு ஊராரின் பகையைத் தேடிக்கொண்டான். மனித உயிரை விலங்கு காத்ததும் விலங்கின் உயிரை மனிதன் காத்ததும் ஒரே கதையில் இணைந்துள்ளன. இவ்வறவுணர்வே இன்றைய விலங்குக் காப்பகங்களுக்கும் அடிப்படை. ஆயினும், உணர்வு மட்டுமே காப்பகத்தை நடத்திவிடுவதில்லை.

சென்னையில் ஒரு தொடக்கம்

கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் மசோதா ஒன்றை அவர் அவையில் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

விமானிகளான கேப்டன் வி. சுந்தரமும் அவர்தம் துணைவியார் உஷா சுந்தரமும் 1959இல் சென்னையில் ‘புளூ கிராஸ்’ அமைப்பைத் தொடங்கினர். அக்காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே உள்ளாட்சிகளின் வழக்கமாக இருந்தது. எத்தனை நாய்களைக் கொன்றாலும் தெருவில் அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை. உணவுக்கழிவு தெருவில் கிடக்கும்வரை, ஒரு நாய் அகன்ற இடத்திற்கு மற்றொரு நாய் வந்துசேரும். எனவே, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யலாம் என்று இவ்வமைப்பு வலியுறுத்திவந்தது. பல ஆண்டு முயற்சிக்குப்பின், 1996இல் சென்னை மாநகராட்சி இவ்வழிமுறையை ஏற்றுக்கொண்டது. நாடு முழுமைக்குமான விதிகள் 2001இல் வகுக்கப்பட்டு, 2023இல் புதுப்பிக்கப்பட்டன.

வாயிலில் தொடங்கும் பணி

காப்பகத்திற்கு வரும் விலங்கின் முதல் தேவை உணவு என்று நாம் எண்ணுவோம். அதற்கு முன்னரே செய்யவேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது, பதிவு. விலங்கு எங்கிருந்து, எந்நாளில், எந்நிலையில் கொண்டுவரப்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதவேண்டும். நலம்பெற்ற நாயை அது வாழ்ந்த தெருவிலேயே விடுவதற்கு இக்குறிப்பே துணை.

இரண்டாவது, தனிமைப்படுத்தல். நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ நச்சுயிரி தரையிலும் பாத்திரத்திலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கக்கூடியது. நோயுற்ற குட்டி ஒன்றை இரக்கத்தால் பிற குட்டிகளோடு சேர்த்துவிட்டால், ஒன்றைக் காக்க முனைந்து பலவற்றை இழக்க நேரிடும். ஆதலால், புதிதாக வரும் விலங்கை ஏறத்தாழ இரண்டு வாரம் தனிக்கூண்டில் வைத்துக் கவனிக்கின்றனர். பணியாளர் முதலில் நலமான விலங்குகளுக்கும் இறுதியில் நோயுற்றவற்றிற்கும் உணவளிப்பதும் இக்காரணம் பற்றியே.

தாயை இழந்த குட்டிகளுக்கு இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பாலூட்டவேண்டும். தெருவில் திரிந்த மாடுகளின் இரைப்பையில் நெகிழிப்பைகள் திரண்டு அடைத்துக்கொள்வதால், அறுவை மருத்துவம் செய்து அவற்றை அகற்றவேண்டிய நிலையும் ஏற்படும். நாள்தோறும் கொட்டிலைக் கழுவுதல், கழிவை அகற்றுதல், மருந்து வாங்குதல், ஊதியம் வழங்குதல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் நன்கொடையையே நம்பியுள்ளன.

மறுத்தலும் அறமே

நூறு நாய்களுக்கு இடமுள்ள ஒரு காப்பகத்தை எண்ணிப்பாருங்கள். அங்கு நாள்தோறும் மூன்று நாய்கள் சேர்க்கப்பட்டு, ஒன்று மட்டுமே தத்தாகச் செல்வதாகக் கொள்வோம். ஐம்பதே நாளில் நூறு இருநூறாகிவிடும். உணவு பாதியாகும், நெருக்கத்தால் சண்டை மிகும், நோய் விரைந்து பரவும். யாரையும் மறுக்காத கருணை, ஏற்றுக்கொண்ட உயிர்களையே வதைக்கும் நிலைக்கு இவ்வாறு வந்துசேர்கிறது.

வாயிலில் குட்டியோடு நிற்பவரிடம் ‘இடமில்லை’ என்று கூறுவதே இப்பணியின் கடினமான பகுதி. பொறுப்புள்ள காப்பகம் அவ்வாறு கூறுவதோடு நின்றுவிடாது. குட்டிக்குத் தடுப்பூசி போட்டு, தத்தெடுப்பவர் கிடைக்கும்வரை அவரே வளர்க்க உதவும். தாய்நாய்க்குக் கருத்தடை செய்துதரும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறைகூட அது ஈனக்கூடும். எனவே, ஒரு தாய்க்குச் செய்யும் கருத்தடை, பின்னர் வரவிருக்கும் பல குட்டிகளின் துயரைத் தடுக்கிறது.

கடிபட்ட குழந்தையும் அடிபட்ட நாயும்

தெருநாய்களைப் பேணுவது மக்களின் பாதுகாப்பிற்கு எதிரானது என்ற கருத்து உண்டு. அதன் பின்னுள்ள அச்சம் பொய்யன்று. மனிதர்க்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் ஏறத்தாழ 99 விழுக்காடு நாய்களின் வழியே பரவுகிறது. நோய்க்குறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. பள்ளி செல்லும் குழந்தை அச்சமின்றித் தெருவில் நடக்க உரிமை உடையது. அவ்வுரிமையை மறுக்கும் விலங்குநலம் முழுமையானதன்று.

எனினும், ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால், அங்கு இந்நோய் பரவும் சங்கிலி அறுபடுகிறது. தடுப்பூசி பெற்ற நாய் தன் தெருவில் வாழ்வது அத்தெருவுக்கே ஓர் அரண். குழந்தையைக் காப்பதும் நாயைக் காப்பதும் ஒரே பணியாவது இங்குதான்.

தெரியுமா?

நாய் கடித்தால் காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவவேண்டும். காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். காயத்தின்மீது மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைத் தடவுதல் கூடாது.

நம் பங்கு

உயிர்களிடத்துப் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. பசியாலும் தாகத்தாலும் வாடும் வகையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆயினும், பிறந்தநாள் பரிசாக வாங்கிய குட்டி வளர்ந்தபின், வீடு மாறும் நாளில் தெருவில் விடப்படுகிறது. காப்பகத்தின் நெரிசல் அந்த வீட்டின் வாசலில்தான் தொடங்குகிறது.

ஒரு விலங்கை வீட்டிற்குக் கொண்டுவருமுன், அதன் வாழ்நாள் முழுமைக்கும் உணவும் மருத்துவமும் நேரமும் தர இயலுமா என்று வீட்டார் கூடிப் பேசவேண்டும். இயலாதெனில் வளர்க்காதிருப்பதே அன்பு. வளர்ப்பதற்கு உறுதி பூண்டால், காப்பகத்தில் காத்திருக்கும் உயிரொன்றைத் தத்தெடுக்கலாம். கைவிடுவோர் குறையக் குறைய, காப்பகத்தின் கூண்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகும். ஒரு காப்பகம் விரும்பும் வெற்றியும் அதுவே.