நவாபும் மந்திரியும் சீமைக்குப் போன கதை

ஆங்கில வகுப்புக்காகக் கதை எழுதிக்கொண்டிருந்த என் பேத்தி, நடுவில் நாளிதழைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, 'மீடியா மொகல்'னு போட்டிருக்கே, இவர் முகலாயரா?" என்றாள். நாங்கள் இருப்பது தில்லி. ஹுமாயூன் கல்லறைக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

முகலாயரேதான் என்றேன். பாரசீகத்தில் மங்கோலியரைக் குறித்த சொல் அது. இங்கிலாந்து மன்னரின் தூதராக 1615-ல் இந்தியா வந்த சர் தாமஸ் ரோ போன்றவர்களுக்கு ஜஹாங்கீர் பாதுஷா 'கிரேட் மொகல்'. அந்தச் செல்வத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், பிறகு பெரிய புள்ளிகளையெல்லாம் மொகல் என்றார்கள். பாதுஷாக்கள் 1857-ஓடு போனார்கள். பட்டம் சினிமா முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தது.

'நபாப்' என்ற சொல்லில் நம் ஊர் வாசனை அதிகம். நவாப்தான் அது. கம்பெனி உத்தியோகத்துக்கு வந்து, பணத்தை வாரிக்கொண்டு சீமை திரும்பிய வெள்ளைக்காரர்களை அவர்கள் ஊர்க்காரர்களே கேலியாக இப்படி அழைத்தார்கள். 1772-ல் சாமுவேல் ஃபூட் இதே பெயரில் ஒரு நாடகத்தை லண்டனில் மேடையேற்றினார். பணம் வந்த வழிகளில் ஒன்று நம் ஆற்காடு. நவாப் முகம்மது அலிக்குச் சென்னைக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சொந்தக் கணக்கில் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அதற்கு ஈடு குடியானவர்கள் கட்டும் வரி. தஞ்சாவூர் மகசூல்கூட இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டது. அந்தப் பணத்தில் பார்லிமெண்டில் இடம் பிடித்தவர்களும் உண்டு. அதே பார்லிமெண்டில்தான் 1785-ல் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார்.

மத்திய சர்க்கார் அலுவலகத்தில் ஸ்டெனோவாகக் காலம் தள்ளியவன் நான். எங்கள் பெரிய அதிகாரிகளைப் பத்திரிகைகள் 'மாண்டரின்' என்று எழுதும்போது, ஏதோ சீனச் சொல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. சமஸ்கிருத மந்திரி மலாய் மொழியில் 'மந்தெரி' ஆகி, போர்த்துகீசியர் வாயில் 'மாண்டரிம்' ஆகி, சீன அதிகாரிகளுக்குப் பெயரானது. கடைசியில் மந்திரிக்குக் கீழே வேலை பார்ப்பவருக்கே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது!

'டைக்கூன்' ஜப்பானிய வரவு. 1853-ல் அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பான் போன காலத்தில், அங்கே ஆட்சி செய்த ஷோகனை அன்னியரிடம் குறிப்பிட்ட பட்டம் அது. பெரும் பிரபு என்று பொருள். ஜனாதிபதி லிங்கனை அவருடைய காரியதரிசி ஜான் ஹே செல்லமாக 'டைக்கூன்' என்பாராம். 'பாஸ்' டச்சுக்காரர்களுடையது, எஜமானன் என்று பொருள்.

"தமிழிலேர்ந்து ஒண்ணும் போகலையா?" என்றாள் பேத்தி.

கட்டுமரம் என்றேன். மிளகுத்தண்ணி என்றேன்.

"பெரிய மனுஷாளுக்குத் தாத்தா?"

யோசித்தேன். மனிதரைக் குறிக்கும் சொல் என்று நினைவுக்கு வந்தது 'பரையா' ஒன்றுதான். பறை முழக்கியவர்களின் பெயர். ஆங்கில அகராதியில் அதற்கு ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம். நாடுகளைக்கூட அந்தச் சொல்லால் திட்டுகிறார்கள். அதிகாரி சொல்லச் சொல்ல அதை நானே எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருமுறைகூட விரல் தயங்கியதில்லை. அவர்கள் பறை ஒலிக்காமல் எங்கள் கிராமத்தில் ஒரு திருவிழா, ஒரு சாவு நடந்ததில்லை என்று தெரிந்தவன் நான். அதையும் அவளிடம் சொன்னேன்.

பேத்தி ஒன்றும் பேசாமல் நோட்டைப் புரட்டினாள். அவள் கதையில் வகுப்பில் யாரும் பேசாத ஒரு பையன் வருகிறான். அவனுக்கு அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தாள். அடித்துவிட்டு, யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பையன் என்று ஆங்கிலத்தில் நீட்டி எழுதினாள்.

"வார்த்தை கூடிப்போச்சே, மிஸ் மார்க் குறைப்பாங்களோ?" என்றாள்.