செழித்த மரம் மண்ணுக்குச் சான்று அல்ல

திருவட்டாறு வட்டாரத்தின் ரப்பர் விளைகளில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பரவும் இலையுதிர் நோயைத் தடுக்க, மழைக்கு முன்னரே போர்டோ கலவையோ எண்ணெயில் கலந்த காப்பர் ஆக்ஸிகுளோரைடோ தெளிப்பது நெடுங்கால வழக்கம். ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சில கிலோ அளவில் விழும் செம்பு, உதிரும் இலையோடும் மழைநீரோடும் மண்ணை அடைந்து, சிதைந்து மறையாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மரம் வாடுவதில்லை, பால் வெட்டும் தடைப்படுவதில்லை. அதனால் மண்ணில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்பாரும் இல்லை.

மரம் வாடாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. செம்பும் துத்தநாகமும் சிறிதளவில் மரத்துக்கு வேண்டியவை. துத்தநாகத்தை உள்ளே கொண்டுசெல்லும் வேர்ப்புரதங்கள், வேதியியல் சாயலில் அதை ஒத்த காட்மியத்தையும் சேர்த்தே உள்ளே விட்டுவிடுகின்றன. ஈயத்தின் பெரும்பகுதி வேர்ச் செல்சுவரிலேயே படிந்துவிட, ஒரு பங்கை வேரோடு கூடிவாழும் மைக்கோரைசா பூஞ்சை பிடித்துவைத்துக்கொள்கிறது. இவற்றைத் தாண்டிச் செல்லுக்குள் நுழையும் உலோகத்தை, ஃபைட்டோகீலட்டின் எனப்படும் கந்தகம் மிகுந்த சிறு புரத இழைகள் பற்றிக்கொள்ள, அது வாக்குவோல் என்னும் செல்லின் சேமிப்பறையில் அடைக்கப்படுகிறது. நியூ கலிடோனியாத் தீவின் பிக்னாண்ட்ரா அக்குமினாட்டா மரம் உலோகத்தைச் சேர்த்துவைப்பதில் உச்சம் தொட்டது. அதன் நீலப்பச்சைப் பாலின் உலர் எடையில் ஏறத்தாழ கால்பங்கு நிக்கல். ரப்பர் மரத்துக்கு அத்தகைய திறன் இல்லை; அதன் பாலில் செம்பு சற்று மிகுந்தாலே ரப்பர் பிசுபிசுத்துத் தரம் கெடும்.

ஆகவே மரம் தாங்கிக்கொள்கிறது என்பதற்கு மண் தூய்மையாகிவிட்டது என்று பொருளில்லை. இலைக்கு ஏறிய உலோகம் சருகாய் மீண்டும் மண்ணுக்கே திரும்புகிறது. பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் முதல் சில ஆண்டுகளில் ஊடுபயிராக மரச்சீனியும் வாழையும் வைக்கும்போதுதான் உண்மையான கவலை தொடங்குகிறது. புளிப்புத் தன்மை மிகுந்த இவ்வட்டாரச் செம்மண்ணில் செம்பும் காட்மியமும் எளிதில் கரைந்து, மண்புழுவையும் நுண்ணுயிர்களையும் இளம் வேர்களையும் பாதிக்கின்றன. காட்மியம் பழத்தைவிட இலையில் மிகுதியாகச் சேர்வதால், ஐயத்துக்குரிய நிலத்தில் கீரை பயிரிடாமல் இருப்பதும், கிழங்கை மண்போகக் கழுவித் தோல்சீவிச் சமைப்பதும் நல்லது. ஊடுபயிருக்கு முன் சுண்ணாம்பும் மட்கிய எருவும் இடுவது உலோகத்தை அகற்றாது, வேருக்கு எட்டாமல் கட்டிவைக்கும். அளவை மண் ஆய்வே முடிவுசெய்ய வேண்டும், ரப்பருக்குப் புளிப்பு மண்தான் ஏற்றது என்பதால்.

ஆய்விலும் ஒரு குறை உண்டு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை பார்க்கும் 12 கூறுகளில் செம்பும் துத்தநாகமும் ஊட்டச்சத்தாக இடம்பெறுகின்றன. ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் இல்லை. பழைய பேட்டரி உடைக்குமிடமோ பட்டறைக் கழிவோ அருகில் இருந்தால் அவற்றைத் தனியே குறிப்பிட்டு ஆய்வு கேட்க வேண்டும். மேல்மண்ணில் 15 செ.மீ. ஆழம் வரை பல இடங்களில் எடுத்துக் கலக்கும் மாதிரிக்குப் பித்தளைக் கரண்டியோ துத்தநாகம் பூசிய வாளியோ பயன்படுத்தினால், முடிவில் தெரிவது பாத்திரத்தின் உலோகமாகவும் இருக்கலாம்.

தாமே தெளித்த செம்புக்கு உழவர் எவரிடமும் ஈடு கேட்க முடியாது. பிறர் கொட்டிய கழிவு எனில் நிலை வேறு. தோல் ஆலைக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சூழல் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்துமூலம் முறையிட்டு ஒப்புகை பெறுவதும், அதன் ஆய்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பதும் முதற்படிகள். விடைக்கான பொதுவான கெடு 30 நாள். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் வேண்டிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடுவோர், காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மெல்லச் சேரும் உலோகத்துக்கு இது குறுகிய காலமே: கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது, முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு எட்டப்பட்டது 2016-இல். எனவே முதல் ஆய்வு முடிவின் தேதியையும் முறையீட்டின் நகலையும் பாதுகாத்து வைப்பது அவசியம்.