தொண்ணூற்றொன்பது கடிதங்கள்

காவிரிக்கரைத் திருச்சபைகள் – 9

சென்ற வாரம் பொறையாற்றில் நின்றோம். அங்கிருந்து தரங்கம்பாடி பக்கம்தான். டேனியக் கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்கு அந்த ஊரில் சொல்லப்படும் முதல் கதை அச்சுக்கூடத்தின் கதை. நானும் அதில்தான் தொடங்க வேண்டும்.

1706 ஜூலையில் இங்கே கரையிறங்கிய மிஷனரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். முதல் சில ஆண்டுகள் அவர் எழுதியதையெல்லாம் ஆள் வைத்து ஓலையில் படியெடுத்தார்கள். லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, மீண்டு, 1712இல் வந்து சேர்ந்தது. அதோடு புறப்பட்ட அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிய எழுத்துகள். இருந்த காகிதம் போதவில்லை. சிறிய எழுத்து வார்க்க ஈயம் கிடைக்காதபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது.

அந்த அச்சு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ராஜநாயக்கன் சாட்சி. தரங்கம்பாடிப் போதகர்கள் தஞ்சை அரசின் எல்லைக்குள் விருப்பம்போல் நுழைய முடியாத காலம் அது. ஆனால் அச்சான நற்செய்தி நூல் நுழைந்துவிட்டது. தஞ்சைப் படையில் பணியாற்றிய ராஜநாயக்கன் கைக்கு அது கிடைத்தது. படித்தார், தரங்கம்பாடிக்கு ஆள் தேடி வந்தார், பின்னாளில் தஞ்சைப் பக்கம் ஊர் ஊராகச் சென்ற உபதேசியார் ஆனார். மனிதர் போக முடியாத இடத்துக்குக் கருவி போகும் என்பதை டெல்டா அன்றே கண்டுவிட்டது.

ஆனால் என் மனதில் அச்சுப்பொறியைவிட உயரத்தில் இருப்பது வேறொன்று. அது அந்தத் தொண்ணூற்றொன்பது கடிதங்கள்.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் உடன் ஊழியர் குருண்ட்லரும் தமிழ் படித்த பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் தெய்வங்கள் யார், வைத்தியம் எப்படி, கல்யாணம் எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் வந்தன. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். மனதில் பட்டதை மறைக்கவும் இல்லை. ஐரோப்பியரின் குடியும் சுத்தமின்மையும் எப்படித் தெரிகின்றன என்பதை நேராகவே எழுதினார்கள். அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேவுக்கு அனுப்ப, அங்கே ஐரோப்பிய வாசகர்களுக்காக அச்சிட்டார்கள். தங்களைக் குறைசொன்ன எழுத்தையும் சேர்த்தே அனுப்பினார்கள் என்பதற்காகவே அந்த இருவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம் கூட்டமில்லாமல் நடந்தது. நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் ஊருக்குள் வர வழியில்லை. காவி உடுத்தி நடந்தே வரும் கூட்டம் வீட்டிலேயே இருந்து டிவியிலும் செல்பேசியிலும் பார்த்தது. அந்த ஒரு வருஷம் நேரலை இல்லாதிருந்தால் எத்தனை மனம் வாடியிருக்கும்! துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் சொந்த ஊர்த் தேர்பவனியை யூடியூபில் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி செல்பேசியில்தான் கிடைக்கிறது. இதையெல்லாம் குறை சொல்ல என்னால் முடியாது. நற்கருணை வாங்க நாவு வேண்டும், கை வேண்டும் என்பதும் உண்மை. அந்தப் பாட்டி வீட்டுக்கு ஃபாதர் போகத்தான் வேண்டும்.

என் வருத்தம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பல பங்குகளிலும் சபைகளிலும் குழு வைத்திருக்கிறார்கள். பூசை நேரம் வருகிறது, அடக்க ஆராதனைச் செய்தி வருகிறது, தினம் ஒரு வசனப் படம் வருகிறது. ஆனால் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டியிருக்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. அரசியல் வரும், சண்டை வரும், பொய்ச்செய்தி வரும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்று காய்கிற வாரத்தில், வட்டிக்கு வாங்கி நட்டவர் அந்தக் குழுவில் ஒரு வரி எழுத முடிவதில்லை. ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்றுகூட எழுத முடிவதில்லை. அச்சுப்பொறியை வைத்துக்கொண்டு கடிதங்களைத் தொலைத்துவிட்டோம் என்றே நான் இதை நினைக்கிறேன்.

முன்னூறு ஆண்டுக்கு முன், மாற்று மதத்தாரிடமே ‘எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டு எழுதிய ஊழியம் இந்தக் கரையில் நடந்திருக்கிறது. நம் சொந்தச் சபையாரிடம் கேட்பதற்கு என்ன தயக்கம்?

பங்குத்தந்தையரே, போதகரையாமாரே, வருகிற சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அந்தப் பூட்டைத் திறந்து வையுங்கள். ‘இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன பாரம்?’ என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். வரும் பதில்களை ஞாயிறு காலைப் பிரசங்கத்துக்கு முன் வாசித்துவிட்டுப் பீடமேறுங்கள்.